ரெண்டாவது கியர் விழாத ஆக்டேவியா: கியர் பாக்ஸைப் பிரிப்பதா, பழைய பாக்ஸ் வாங்குவதா?

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். என் மச்சானின் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் அதில் ஒன்பதாவது வளைவில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மூணாவது கியரிலிருந்து ரெண்டாவதுக்கு இழுத்தால் ‘கர்ர்ர்’ என்று ஒரு அரைப்பு. லீவர் கையைத் திருப்பித் தள்ளுகிறது. பொழுது சாயப் போன் வந்தது.

“மாப்ள, ரெண்டாவது விழுகவே மாட்டேங்குதுங்க. மெக்கானிக் பாக்ஸே போச்சுங்கறார். கோயமுத்தூர்ல பழைய பாக்ஸ் ஒண்ணு இருக்குதாம், 38,000 சொல்றாங்க. வாங்கிப் போட்றலாங்களா?”

“சித்த பொறுங்க மச்சான். ஒரு வாரம் வெசனப்படாம இருங்க” என்றேன்.

அந்த ஒரு வாரத்தில் நாங்கள் அலைந்ததும் போட்ட கணக்கும்தான் இந்தக் கட்டுரை. நான் மெக்கானிக் இல்லை. கணபதியில் பம்பு செட்டுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடையும் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆகவே கியர் பாக்ஸை ஓட்டுநரின் கண்ணால் பார்ப்பதைவிட உலோகத்தின் பக்கமிருந்து பார்க்கிற பழக்கம் எனக்கு அதிகம். அந்தச் சாய்வு இந்தக் கட்டுரையிலும் இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். ஆக்டேவியா நம் நாட்டுக்கு வந்தது 2001 கடைசியில். ஆர்எஸ் என்ற அதன் வேக ரகம் வந்தது 2004 வாக்கில். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் டார்க். குடும்பத்தோடு பழனிக்குப் போகிற செடானில் இவ்வளவு இழுவை என்பது அன்றைக்குப் பெரிய சங்கதி. அதில் இருப்பது 02ஜே என்ற ஐந்து கியர் பாக்ஸ். கம்பெனி வழக்கில் அதற்கு எம்க்யூ250 என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த 250 என்பது சுமார் எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க்குக்காக அந்தப் பாக்ஸை அமைத்தார்கள் என்பதைக் குறிக்கும் எண். கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட்டினால் 210தான், பாக்ஸுக்கு மூச்சுவிட இடமிருக்கிறது. ரீமேப் செய்தால், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதினால், இதே என்ஜின் 250-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். ‘பாக்ஸ் வீக்கு’ என்று சொல்பவர்களின் வண்டியில் பாதிக்கு மேல் ரீமேப் செய்தது என்பது என் சொந்த அனுமானம்.

இதே 02ஜே நாலாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபிலும், நியூ பீட்டிலிலும், முதல் தலைமுறை ஆடி ஏ3-யிலும் ஓடியது. நம் ஊர் 1.9 லிட்டர் டீசல் ஆக்டேவியாவிலும் இதுதான், பல் விகிதம் மட்டும் வேறு. உலகம் முழுக்க ஓடிய பாக்ஸ் என்பதால் பேரிங், சிங்க்ரோ ரிங் (கியர் மாற்றும்போது உரசி வேகத்தைச் சமன் செய்யும் வளையம்), ஆயில் சீல் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. பழைய கார் வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. பாக்ஸ் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதற்கு ரிங் கிடைக்காவிட்டால் அது வெறும் இரும்புதான்.

எது போனது என்று தெரியாமல் விலை பேசக்கூடாது

‘பாக்ஸ் போச்சு’ என்ற சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் மூன்றுக்குப் பாக்ஸைப் பிரிக்கவே தேவையில்லை.

என்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். வழுவழுவென்று விழுகிறதா? ஸ்டார்ட் செய்த பிறகு முதல் கியரும் ரிவர்ஸும் முரண்டு பிடிக்கின்றனவா? அப்படியானால் கிளட்ச் முழுக்க விடவில்லை என்று அர்த்தம். இந்த வண்டியில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஆயில் டப்பா ஒன்றுதான். பிரேக் ஆயில் காரணமில்லாமல் குறைந்தால் கிளட்ச் சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பெடல் சில நேரம் கீழேயே தங்கிவிடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கிறது, மாற்றிக் காற்றெடுக்க அரை நாள் போதும்.

லீவர் தொளதொளவென்று ஆடி, மூணாவது தேடும்போது ஐந்தாவதில் போய் மாட்டினால் கேபிளோ அதன் முனையிலுள்ள பிளாஸ்டிக் புஷ்ஷோ தேய்ந்திருக்கும். இரண்டு கேபிளையும் நியூட்ரலில் நிறுத்தி, லீவரைப் பின் போட்டுப் பூட்டிச் சரி செய்யலாம். கியர் போட்ட பிறகு தானாகக் கழண்டு வந்தால் பாக்ஸைத் திட்டும் முன் அடியிலுள்ள மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் என்ஜினே முன்னும் பின்னும் ஆடி லீவரை இழுக்கும்.

சத்தத்துக்கு ஒரு எளிய சோதனை. நியூட்ரலில் நிற்கும்போது வரும் ஊளை, பெடலை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தவுடன் சத்தம் புதிதாக வந்தால் ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்டால் அந்தக் கியரின் பல். எல்லாக் கியரிலும், உருட்டி விடும்போதும், வேகத்தோடு ஏறி இறங்கினால் டிஃப்ரன்ஷியல் (சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பகுதி) பக்கம்.

மச்சான் வண்டியில் கிளட்ச், கேபிள், மவுண்ட் மூன்றும் நன்றாகவே இருந்தன. மூணாவதிலிருந்து ரெண்டாவதுக்கு இறக்கும்போது மட்டும் அரைப்பு. வண்டி நிற்கும்போது ரெண்டாவது அழகாக விழுகிறது. மெதுவாக, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி இறக்கினால் அப்போதும் விழுகிறது. இது சிங்க்ரோ தேய்மானத்தின் அச்சான அடையாளம். கூடவே 100 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவதில் மெல்லிய ஊளை.

நம் பக்கத்து வண்டிகளில் ரெண்டாவதுதான் முதலில் போகும். மேலே வால்பாறை, வடக்கே 27 வளைவு திம்பம், கிழக்கே 70 வளைவு கொல்லிமலை, சேலத்துக்காரர்களுக்கு 20 வளைவு ஏற்காடு. ஒவ்வொரு வளைவிலும் மூணாவதிலிருந்து ரெண்டாவதுக்கு இறங்க வேண்டும். இறக்கும்போது இன்புட் ஷாஃப்டும் கிளட்ச் பிளேட்டும் ஒரு நொடிக்குள் வேகம் பிடித்துச் சுழல வேண்டும். அந்த வேலையைச் செய்வது வளையல் அளவுள்ள ஒரு வளையத்தின் உரசல் மட்டும்தான். பித்தளைச் சங்கதி, தேயத்தான் செய்யும். ஒரு தடவை வால்பாறை போய் வந்தால் அந்த வளையத்துக்கு எண்பது தடவை வேலை. சேலம் நெடுஞ்சாலையிலேயே ஓடிய வண்டியில் அவ்வளவு வேலை சுலபத்தில் வராது. சங்ககிரி பக்கத்துப் பழைய லாரி டிரைவர்கள் ‘டபுள் கிளட்ச்’ போடுவார்களே, அவர்கள் ஓட்டிய பாக்ஸில் சிங்க்ரோவே கிடையாது. நியூட்ரலில் ஒரு தட்டுத் தட்டி, வேகத்தைச் சமன் செய்துதான் இறக்குவார்கள். அந்தக் கால் பழக்கம் மச்சானுக்கு இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

ஆயில் மாற்றி ஓட்டுவது

முதல் வழி, ஒன்றும் பிரிக்காமல் ஆயிலை மட்டும் மாற்றுவது. கம்பெனி இந்தப் பாக்ஸுக்கு ஆயுள் முழுக்க ஒரே ஆயில் என்றது. இருபது வயசு தாண்டிய வண்டிக்கு அந்த வாக்கைப் பிடித்துத் தொங்க முடியாது. சுமார் ரெண்டு லிட்டர்தான் பிடிக்கும்.

எந்த ஆயில் என்பதில்தான் வம்பு. நாலு வருசம் முன்னால் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு கடையில் ‘கியர் ஆயில் குறையுது’ என்று லாரி கிரௌனுக்கு ஊற்றுகிற 90 ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். பில்லில் அது எழுதியிருந்தது, மச்சான் பத்திரமாக வைத்திருந்தார். அது ஜிஎல்-5 ரகம். பின் ஆக்சில் கிரௌனில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி உரசுவதால் அங்கே கந்தக மருந்து அதிகம் கலந்த ஆயில் வேண்டும். அந்த மருந்து பித்தளைக்கு ஆகாது. போதாததற்கு வழுக்கலும் அதிகம். உரசினால்தான் சிங்க்ரோ வேலை செய்யும், அதைப் போய் வழுக்க வைத்தால்? குறுக்காக என்ஜின் வைத்த இந்த மாதிரி முன்சக்கர வண்டியில் கடைசிப் பல் ஜோடியும் சாதாரணச் சாய்பல்தான், லாரி கிரௌன் போல இல்லை. எனவே ஜிஎல்-5-ஆல் ஒரு லாபமும் கிடையாது. 75டபிள்யூ-90, ஜிஎல்-4, சிந்தெடிக். அதோடு பேச்சு முடிந்தது.

பழைய ஆயிலை இறக்கும்போதே ஜாதகம் தெரிந்துவிடும். ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்து, காந்தத்தை அதில் ஓட்ட வேண்டும். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கம் சிங்க்ரோவின் பித்தளை. காந்தத்தில் மாவு மாதிரி ஒட்டுவது வயசுக்கேற்ற தேய்மானம், பயம் வேண்டாம். செதில் செதிலாக வந்தால் பேரிங்கோ பல்லோ உரிகிறது. குண்டுமணி அளவு துண்டு வந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம். ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

எங்கள் தட்டில் மஞ்சள் மினுக்கம் ஏராளம். காந்தத்தில் மாவு மட்டும். புது ஆயில் ஊற்றி ஓட்டியதில் அரைப்பு பாதியாகக் குறைந்தது. இந்த வழியின் சாதகம் இதுதான்: நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், அடுத்த முடிவுக்குத் தேவையான சாட்சியும் கையில் வந்துவிடும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிற ஆளாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். அரைப்பைக் கேட்டுக்கொண்டே மலை ஏறுவது மட்டும் கூடாது. ரிங் தேய்ந்த பிறகு அரைபடுவது கியரின் சின்னப் பற்கள். அவை போனால் ரிங் விலையோடு நிற்காது, கியரே வாங்க வேண்டியிருக்கும்.

பழைய பாக்ஸ்

38,000 ரூபாய்ப் பாக்ஸைப் பார்க்கப் போனோம். உக்கடம் பக்கம் பழைய சாமான் தேடிப் போகாத கோயமுத்தூர்க்காரன் உண்டா? நானே அங்கே எத்தனையோ மோட்டார் வாங்கியிருக்கிறேன், நல்லதும் வந்திருக்கிறது. எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம்.

பாக்ஸைக் கழுவி, சில்வர் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். “ஓடின பாக்ஸுங்ணா, அப்படியே மாட்டலாம்.”

பெயிண்ட் அடித்த பாக்ஸ் என்றாலே எனக்கு அலர்ஜி. எண்ணெய் கசிந்த தடமும் வெல்டிங் தடமும் பெயிண்டுக்குள் மறைந்துவிடும்.

ஒவ்வொரு 02ஜே பாக்ஸிலும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று குத்தியிருப்பார்கள். நம் வண்டியின் குறியீடு டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே எழுத்து இருக்கும் இடத்தில் பெயிண்ட் தடிமனாக இருந்தது. சுரண்டிப் பார்த்தால் வேறு எழுத்து. “எல்லாம் ஒண்ணுதாங்ணா, போல்ட்டு ஓட்டை சேரும்” என்றார். ஓட்டை சேரும், அது உண்மை. பல் சேராது.

அங்கேயே ஒரு சோதனை செய்தோம். பாக்ஸை ஒரு கியரில் போட்டு, ஒரு பக்கத்து ஆக்சில் பிளேட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு பக்கம் ஒரு சுற்றுச் சுற்ற இன்புட் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும். ஒரு பக்கத்தைப் பிடித்தால் மறுபக்கம் இரட்டை வேகத்தில் சுற்றும், ஆகவே வந்த எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். அதை நம் பெட்ரோல் வண்டியின் விகிதத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அது டீசல் பாக்ஸ். பழைய சந்தையில் டீசல் ஆக்டேவியா சாமான்தான் அதிகம் வருகிறது, அதனால் இந்தத் தவறு நடக்க வாய்ப்பும் அதிகம். டீசல் என்ஜின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும் என்பதால் அதன் கடைசி விகிதத்தை நீளமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பெட்ரோலில் மாட்டினால் நெடுஞ்சாலையில் என்ஜின் சாந்தமாக ஓடும். மலையில் ரெண்டாவதில் எடுக்க வேண்டிய வளைவை முதல் கியரில் எடுக்க வேண்டி வரும். ஆர்எஸ் வாங்கியதன் அர்த்தமே போய்விடும்.

சரி, குறியீடு பொருந்திய பாக்ஸ் ஒன்று கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கும் வயசு இருபதுதான். அதன் ரெண்டாவது சிங்க்ரோ எவ்வளவு தேய்ந்தது என்று மேசைமேல் வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. கையால் சுற்றும்போது எல்லாச் சிங்க்ரோவும் நல்ல சிங்க்ரோதான். எந்த மலையில் யார் ஓட்டினார்கள், ரீமேப் செய்ததா, யார் என்ன ஆயில் ஊற்றினார்கள், ஒன்றும் தெரியாது. நம் பாக்ஸில் போனது என்ன என்று நமக்குத் தெரியும். அதில் போயிருப்பது எது என்று தெரியாது. கழற்றி மாட்டுகிற கூலி இரண்டுக்கும் ஒன்றே, தவறினால் அதை இன்னொரு தரம் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று இருக்கிறது. ரிவெட்.

ரிவெட் சங்கதி

02ஜே-யின் பேர்போன பலவீனம் இதுதான். டிஃப்ரன்ஷியல் கூட்டோடு பெரிய பல் சக்கரத்தை, நம் ஆட்கள் கிரௌன் வீல் என்பார்கள், போல்ட் போடாமல் ரிவெட் அடித்து இணைத்திருக்கிறார்கள். சக்கரம் சுழன்று சறுக்கிச் சட்டென்று பிடிக்கும்போது, அல்லது கிளட்ச்சைப் படாரென்று விட்டுக் கிளம்பும்போது, அந்த அதிர்ச்சி முழுக்க ரிவெட்டின் கழுத்தில்தான் இறங்குகிறது. தளர்ந்த ரிவெட்டின் தலை வெட்டுப்பட்டால் உள்ளேயே சுற்றி, பல்லுக்கும் கூட்டுக்கும் நடுவில் மாட்டும். அடுத்த நொடி உறையில் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை. ஆயில் முழுக்கச் சாலையில். அதன் பிறகு அந்தப் பாக்ஸில் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாது. தட்டில் துண்டு வந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுவே.

செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் வார இறுதியில் ஓட்டிப் பார்க்கிற ஆசை இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுற்றி ஓட்டுவதால் ரிவெட்டுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. நின்ற இடத்திலிருந்து டயர் கதறக் கிளம்புவதுதான் கொல்லும்.

பழைய பாக்ஸ் வாங்கினால் ரிவெட்டும் பழையதுதான், அதுவும் யாரோ ஓட்டிய ரிவெட். வெளியிலிருந்து தெரியாது. இதுதான் என் தராசை ஒரே பக்கமாகச் சாய்த்தது. பழைய பாக்ஸ் வாங்குவது சீக்கை மாற்றுவதில்லை, சீக்காளியை மாற்றுகிறது.

சொந்தப் பாக்ஸைப் பிரிப்பது

இதில் நம் ஊருக்கு ஒரு அனுகூலம். பஞ்சாலை யந்திரமும் பம்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊர். பேரிங்கைக் காயமில்லாமல் கழற்றவும், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பார்த்துக் கடையவும் கணபதி, பீளமேடு சந்துகளில் கை தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெருமையில் எல்லை தாண்டிவிடக்கூடாது. லேத்காரனே சொல்கிறேன், கேளுங்கள்.

செய்யக்கூடியது: ரிவெட்டைத் துளைத்து எடுப்பது, அதன் ஓட்டையை ரீமர் விட்டுச் சுத்தம் செய்வது, செலக்டர் புஷ் கடைவது, சீல் உட்காரும் இடத்தில் தேய்ந்த தடத்துக்கு ஸ்லீவ் போடுவது. செய்யக்கூடாதது: மாதிரியைப் பார்த்து இன்னொரு கியர் வெட்டித் தருகிறேன் என்பது. வெட்டிவிடலாம். மேல்தோல் கடினமாகி உள்ளே மிருதுவாக இருக்கிற மாதிரி சூடு வைத்து, அதில் பல் கோணி, மறுபடி கிரைண்டிங் செய்து, பல்லின் சாய்வு இம்மியும் பிசகாமல் இருக்க வேண்டும். பம்பு கியருக்கு ஆகிற கணக்கு இதற்கு ஆகாது. ஒரு மாசத்தில் கத்தும், மூணு மாசத்தில் உடையும். உறையில் விரிசலுக்கு ஆர்கான் வெல்டிங் வைப்பதும் அப்படியே. ஓரத்தில் என்றால் சரி. பேரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சூட்டில் அந்தத் துளை கோணிவிடும்.

ரிவெட்டுக்குப் பதில் போடும் போல்ட்டிலும் ஒரு நுணுக்கம். இதற்கென்றே போல்ட் கிட் வருகிறது, அதையே வாங்குங்கள். ஹார்டுவேர் கடை போல்ட்டை வெட்டிப் போட்டால் இரண்டு பாகமும் சேரும் கோட்டில் திருகுமரை வந்து உட்காரும். வெட்டு விசை வரும் இடத்தில் மரை இருக்கவே கூடாது, வழுவழுப்பான கழுத்துதான் இருக்க வேண்டும். போல்ட் தலை உறையில் இடிக்கிறதா என்று கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே மூட வேண்டும்.

பாக்ஸை இறக்க ஒரு நாள், பிரித்துச் சேர்க்க மூன்று நாள், நடுவில் சாமான் வரக் காத்திருந்தது பதினோரு நாள். ரெண்டாவது ரிங் தேய்ந்து, கியரோடு ஒட்டவே உட்கார்ந்திருந்தது. இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. முதலும் மூணாவதும் பரவாயில்லை என்றாலும் திறந்தது திறந்தாயிற்று என்று நாலு கியருக்கும் ரிங் மாற்றினோம். ரெண்டாவது கியரின் சின்னப் பற்கள் முனை மழுங்க ஆரம்பித்திருந்தன, தப்பியது. இன்னும் ஒரு மழைக்காலம் வால்பாறை ஏறியிருந்தால் தப்பியிருக்காது.

ரிவெட்டுகளில் ஒன்றில் மட்டும் துரு நிறக் கோடு சுற்றி வந்திருந்தது. அசைவின் அடையாளம் அது. மெக்கானிக் அண்ணன் சுத்தியலால் தட்டிக் காட்டினார். மற்றவை ‘ணங்’, அது ‘டொக்’. மச்சான் ஒன்றும் பேசவில்லை. டீ சொன்னார்.

டிஃப்ரன்ஷியலின் இரண்டு பக்கமும் டேப்பர் ரோலர் பேரிங். எவ்வளவு இறுக்கம் என்பதை ஷிம் தகடுதான் முடிவு செய்யும். பேரிங் மாற்றினால் ஷிம்மையும் அளந்து போட வேண்டும். ‘பழைய ஷிம்மே போதும்’ என்று சொல்கிற கடையில் பாக்ஸைக் கொடுக்காதீர்கள். யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய நான் கேட்கிற ஒரே கேள்வி அதுதான்: “ஷிம்முக்கு எப்படிங்ணா அளப்பீங்க?” டயல் கேஜை எடுத்துக் காட்டினால் நம்பலாம்.

பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கச் சீல் நான்கையும் மாற்றிவிடுவது நல்லது. ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கையின் குழியில் பால் முனை குத்தித் தேய்ந்திருக்கும், அதையும் பாருங்கள். ஃபிளைவீல் இதில் இரட்டை ரகம், நடுவில் ஸ்பிரிங் வைத்தது. அது ஆடினால் புதிது வாங்குவது கையைக் கடிக்கும். ஒற்றை ஃபிளைவீலாக மாற்றுகிறவர்கள் உண்டு. நியூட்ரலில் சலங்கை கட்டிய மாதிரி கலகலக்கும், பழகிக்கொள்ள வேண்டும். எங்களுடையது நன்றாக இருந்தது.

கூலி, ரிங், பேரிங், சீல், போல்ட் கிட், ஆயில் எல்லாம் சேர்த்து 64,000. கிளட்ச் செட் தனியாக 19,000. பழைய பாக்ஸாக இருந்திருந்தால் 38,000-த்தோடு இறக்கி ஏற்றும் கூலியும் அதே கிளட்ச் செட்டும் சேர்ந்து 70,000-ஐத் தொட்டிருக்கும். அதாவது ஏறக்குறைய 13,000 வித்தியாசம். அந்த 13,000-த்துக்குப் புது ரிங்கும், புது பேரிங்கும், ரிவெட் போய் போல்ட்டும் கிடைத்தன.

பழைய பாக்ஸ் வாங்குவது எப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். உறை ஓட்டையாகிவிட்டால், ஷாஃப்ட் முறிந்துவிட்டால், இரண்டு மூன்று கியரில் பல் உதிர்ந்துவிட்டால் வேறு வழியில்லை. அப்போதும் குறியீடு பொருந்தியதை வாங்கி, மாட்டும் முன் அதையும் திறந்து போல்ட் போட்டுவிட்டு மாட்டுவேன். இரட்டைச் செலவுதான். என்ன செய்வது?

மற்ற இரண்டு யோசனைகள்

நண்பர் ஒருவர் ஆறு கியர் பாக்ஸ் மாட்டச் சொன்னார். 02எம் என்று ஒன்று இருக்கிறது, 350 நியூட்டன் மீட்டர் தாங்கும் என்பார்கள். மவுண்ட், ஆக்சில், ஃபிளைவீல், ஸ்டார்ட்டர், கேபிள், கிளட்ச் சிலிண்டர் என்று பட்டியல் நீளும். கிளட்ச் சிலிண்டர் அதில் பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால் அது கசிந்தால் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். போதாக்குறைக்கு அதிலும் ரிவெட்தான். ரீமேப் செய்து 300-ஐத் தாண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது நியாயம். வால்பாறைக்கு ஒறம்பரை போகிற மச்சானுக்கு எதற்கு?

விற்றுவிடலாம் என்பது என் அக்காவின் யோசனை. காகிதத்தில் அதுதான் புத்திசாலித்தனம். 15 வயசு தாண்டிய வண்டிக்கு ஐந்து வருசத்துக்கொரு தரம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வயசு தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். ரெண்டாவது அரைக்கிற வண்டியைப் பார்க்க வருகிறவன், பாக்ஸ் முழுக்கப் போனதாகவே கணக்குப் போட்டு விலை குறைப்பான். அந்தக் குறைப்பு எங்கள் ரிப்பேர் செலவைவிட அதிகம். ஆகவே விற்பதாக இருந்தாலும் சரி செய்துவிட்டு விற்பதே லாபம். சரி செய்த பிறகு மச்சான் விற்க மாட்டார் என்பது அக்காவுக்கும் தெரியும்.

வண்டி ஓடி இப்போது ஐந்து மாசம். புது ரிங் உரசிப் பழகுவதற்காக ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலை மறுபடி இறக்கினோம். தட்டில் மஞ்சள் கொஞ்சமாக மினுங்கியது, அது எதிர்பார்த்ததே. ரெண்டாவது வெண்ணெய் மாதிரி விழுகிறது. ஐந்தாவதின் ஊளை மட்டும் அப்படியே இருக்கிறது. அது பல்லின் சத்தம், ரிங் மாற்றியதால் போகாது. நல்ல வேளையாக இந்தப் பாக்ஸில் ஐந்தாவது கியர் கடைக்கோடியில் தனி மூடிக்குள் உட்கார்ந்திருக்கிறது, பாக்ஸை இறக்காமலே கழற்றி மாற்றலாம். நல்ல ஜோடி கிடைக்கும் வரை மச்சான் அவினாசி தாண்டியதும் பாட்டை வைத்துவிடுகிறார்.